இடப்பக்கத்து மேகம்

…இந்தத் தடவை ஏமாற்றாது, வடக்கே அத்தனை கறுத்துக்கொண்டு நிற்கிறதே, ஓரத்தில் மின்னல் வேறு வெட்டுகிறது, ஆனால் இடிச் சத்தம் ஏன் கேட்கவில்லை… தூரத்து மழையாயிருக்கும், இருக்கட்டும், வந்து சேரட்டும் என்று நாச்சிமுத்து கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கவலை மாடுகளை இறக்கத்தில் ஓட்டினான். தோல்பறி மேலே வந்து வாய்க்காலில் தண்ணீரைக் கொட்டியது, மாடுகள் திரும்பாமல் பின்பக்கமாகவே நடந்து கிணற்று மேட்டுக்கு ஏறின, அவனும் கயிற்றைப் பிடித்தபடி அவற்றோடு பின்பக்கமாகவே ஏறினான், விடிந்ததிலிருந்து இப்படித்தான், இறங்கினாலும் கிழக்குப் பார்த்த முகம், ஏறினாலும் கிழக்குப் பார்த்த முகம், இடப்பக்கம் அந்த மேகம். மழையை நினைத்தாலே மனசு குளிர்ந்து கண் சொக்கியது. பொழுது விடியும்போது கண்ணுக்குள் அடுப்புக் கரியை ஊதிவிட்ட மாதிரி ஒரே புள்ளி புள்ளியாய்ப் பறந்தது, அதனால் என்ன, பூச்சி பறப்பது பழைய கதைதானே. சேலத்துக் கண் டாக்டரே சொல்லிவிட்டாரே, கண்ணுக்குள் இருக்கிற கூழில் நூல் நூலாய் மிதக்கிறது, அதன் நிழல்தான், நாளடைவில் அடங்கிவிடும், பயப்படாதே என்று… இன்னும் ஏதோ சொன்னார், அது எதற்கு இப்போது. களத்தில் சோளம் காய்கிறது. "ஏம்புள்ள, மழ வருது, சோளத்தைக் கூட்டி அள்ளு" என்று பெண்டாட்டிக்குக் குரல் கொடுத்தான்.

அத்தாயி விளக்குமாறும் கையுமாக வந்து நின்று அண்ணாந்து பார்த்தாள். "எங்கீங்க மேகம்? வானம் வெளுத்துக் கெடக்குதுங்க." கேலி செய்கிறாள் என்று நினைத்து மாட்டை நிறுத்திவிட்டுக் களத்துப் பக்கம் திரும்பினான், மேகமும் கூடவே திரும்பியது. தெற்கே பார்த்தான், இடப்பக்கம் மேகம். மேற்கே பார்த்தான், இடப்பக்கம் மேகம். கண்ணை மூடினான், மூடின கண்ணுக்குள் மின்னல் வெட்டியது. டாக்டர் சொன்ன மிச்சம் இப்போது ஒவ்வொன்றாய் வந்தது… திடீரென்று நிறையப் பறந்தால், மின்னல் வெட்டினால், திரை இழுத்த மாதிரி ஒரு பக்கம் இருண்டால், அன்றைக்கே ஓடி வா, உள்சவ்வு பிய்கிறது என்று அர்த்தம், வலிக்கவில்லையே என்று இருந்துவிடாதே. கண்ணுக்குள் மின்னலாம் என்று சிரித்துக்கொண்டல்லவா வந்தான், வீட்டில் சொல்லவும் இல்லை, இப்போதுதான் அவளிடம் சொன்னான்.

"வலிக்குதுங்களா?"

"இல்ல புள்ள."

"அப்ப நாளைக்கு விடியப் போலாமுங்க, தண்ணி பாச்சறது பாதியில நிக்குது."

சரி என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது, வாடுகிற பயிர் கண்ணுக்கு நேரே நின்றது. "வலிக்காததுதான் மோசமாம், அங்கமுத்தை வண்டி கட்டச் சொல்லு" என்றான்.

பக்கத்துத் தோட்டத்து அங்கமுத்து வண்டியை ஓட்டினான். சங்ககிரி ரோட்டுக்குப் போய்விட்டால் பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியில் ஓடுகிற சேலம் பஸ் கிடைக்கும், இன்றைக்கே வந்தாயே என்று டாக்டர் சொல்வார், மருந்து போடுவாரோ, கத்தி வைப்பாரோ… வண்டியின் ஆட்டத்தில் நினைப்பும் ஆடியது. மேகம் அசையாமல் கூட வந்தது. அத்தாயி எங்கே, ஏறவில்லையா… "இருக்கறயா?" என்றான். "இங்கதானுங்க இருக்கறேன்" என்று இடப்பக்கத்திலிருந்து, தோளுக்கு ஒரு சாண் தள்ளி, குரல் வந்தது. அட, இப்படித்தானே நேற்று ராத்திரியும், சோற்றைப் போட்டுவிட்டுத் தண்ணீர் வைக்க மறந்தாயா என்று அவளைத் திட்டினான், அவள் அவனுடைய இடப்பக்கம் இருந்த செம்பை எடுத்து வலப்பக்கம் நகர்த்தி வைத்தாள்… அப்படியானால் அந்தத் திரை நேற்றே…