தையல் ஆலையின் பூட்டு

சர்வாதிகாரியை நாட்டைவிட்டே துரத்தியதில் தனக்குக் கிடைத்த பங்கு இரண்டு பஞ்சரான டயர்தான் என்று கோரியோ எல்லோரிடமும் சொல்லித் திரிந்தான். ஜீப்னி என்கிற பயணிகள் வண்டியை ஓட்டுபவனுக்கு டயர் என்றால் சும்மாவா? ராணுவ வண்டிகளை மறிக்க, மக்கள் திரண்டிருந்த தலைநகரின் எட்சா சாலையில் குறுக்கே நிறுத்திய வாகனங்களில் அவனுடையதும் ஒன்று. கும்பல் கெஞ்சியதால்தான் நிறுத்தினேன் என்பான். யாரும் வாய் திறப்பதற்குள் வண்டியைக் குறுக்கே திருப்பிவிட்டு, "வரட்டும் பாக்கலாம்" என்று முகப்பின்மேல் ஏறி உட்கார்ந்தவன் அவன்தான் என்பது மனைவி நியேவெஸுக்குத் தெரியும். கூட்டத்துக்காக இஞ்சி போட்டுக் காய்ச்சிய கஞ்சிப் பானையோடு அவளும் அங்கேதான் இருந்தாள்.

அவளுக்கு ஒரு பக்கம் வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண், மறுபக்கம் மீன் விற்கும் ஒருத்தி. இருவரையும் அதற்கு முன் பார்த்ததே இல்லை. கவச வண்டி உறுமிக்கொண்டு வந்தபோது மூவரும் கைகோத்து உட்கார்ந்திருந்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. வண்டி நின்றுவிட்டது.

அதெல்லாம் பிப்ரவரியில். மழைக்காலம் வந்தபோது, தலைநகரை ஒட்டிய மரிக்கினாவில் அவர்கள் வீட்டுக் கூரை வழக்கம்போல ஒழுகியது.

"ஆளு போயிட்டான், சரி. அரிசி விலை எறங்குச்சா? கரண்டு ஒழுங்கா வருதா? உன் முதலாளி மாறினானா?" கருவாட்டை வினிகரில் தோய்த்துக்கொண்டே கேட்டான் கோரியோ.

"இப்படிச் சத்தமா கேக்குறியே, போன வருஷம் கேட்டிருப்பியாய்யா? பக்கத்து வீட்டுல கேட்டுடும்னு குசுகுசுன்னு பேசின ஆளுதானே நீ?"

"பேச்சு வயித்த ரொப்புமா?"

அவள் வேலை பார்த்த தையல் ஆலையிலும் எதுவும் மாறியிருக்கவில்லை. வெளிநாட்டுக் குழந்தைகளுக்கான சட்டைகள் மலைபோல் குவிந்துகொண்டே இருந்தன. மேற்பார்வை பார்த்த சல்வசியோன் மேடத்தின் கழுத்தில் கழிப்பறைச் சாவி ஒரு நாடாவில் தொங்கியது. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, மணி அடித்தால்தான் கதவு திறக்கும். அதற்குப் பயந்தே பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை. நீர்க்கடுப்பு வராதவள் அங்கே ஒருத்திகூட இல்லை.

ஆகஸ்டில் ஒரு நாள், பக்கத்து மெஷினில் இருந்த சியோனி எழுந்து சாவி கேட்டாள். அவளுக்கு ஏழு மாதம்.

"மணி அடிக்கட்டும்" என்றார் மேடம்.

கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடியும் கேட்டாள்.

"புள்ளைய சுமக்கறது உன் இஷ்டம். அதுக்கு என் லைன் ஏன் நிக்கணும்? உக்காரு."

சியோனி உட்கார்ந்தாள். அப்புறம் மெஷின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அவள் நாற்காலியிலிருந்து தரையில் சொட்டுவதை நியேவெஸ் பார்த்தாள். எல்லோரும்தான் பார்த்தார்கள். மெஷின்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

"துணி நனைஞ்சா சம்பளத்துல பிடிச்சுடுவேன்" என்றார் மேடம்.

நியேவெஸ் மெஷினை நிறுத்தினாள். தன் ஏப்ரனை அவிழ்த்து சியோனியின் இடுப்பில் கட்டிவிட்டாள். நேரே நடந்துபோய் கழிப்பறைக் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள்.

"என்ன இது?"

"உக்காந்திருக்கேன், மேடம்."

"எழுந்திருடி!"

"கதவத் திறந்து விட்டா எழுந்திருக்கறேன்."

"இது என்ன எட்சாவா?"

"இல்ல மேடம். அங்க ஒரே வெயிலு. இங்க ஃபேன் இருக்கு."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் மேடத்தைத் தடுமாற வைத்துவிட்டது. சிரித்தவளே எழுந்து வந்து நியேவெஸ் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு இன்னொருத்தி. ஒவ்வொரு மெஷினாக ஓய்ந்து, கூரைமேல் பெய்த மழை கேட்கிற அளவுக்குக் கூடம் அமைதியாகிவிட்டது. சில பேர் மட்டும் தலை நிமிராமல் தைத்தபடியே இருந்தார்கள். அதில் ஒருத்தி தைத்துக்கொண்டே அழுதாள். அவள் வீட்டில் பிள்ளைகள் ஐந்து என்று நியேவெஸுக்குத் தெரியும். அவள்மேல் கோபம் வரவில்லை.

மேடம் காவலாளியைக் கூப்பிட்டார். அவர் வந்து பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"யாரை மேடம் தூக்கறது? எல்லாம் வீட்டுப் பொம்பளைங்க. மூத்திரம் போகணும்னு கேட்டதுக்கா அடிக்கச் சொல்றீங்க?"

மாலையில் முதலாளியே வந்தார். மறுநாள் கப்பலுக்குப் போகவேண்டிய சரக்கு பாதியில் நின்றிருந்தது. தரையில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார், சியோனியைப் பார்த்தார். மேடத்திடம் கையை நீட்டிச் சாவியை வாங்கினார். பூட்டைக் கழற்றிக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

முதலில் சியோனி உள்ளே போனாள். பெண்கள் கைதட்டியதில் அவளுக்கு வெட்கமாகிவிட்டது. "இதுக்கெல்லாமா கை தட்டுவீங்க?" என்று உள்ளேயிருந்தே கத்தினாள்.

அதோடு சுபம் என்று சொல்ல முடியாது. அடுத்த மாதம், வேலை குறைந்துவிட்டது என்று ஒரே ஒருத்தியை மட்டும் நிறுத்தினார்கள். நியேவெஸைத்தான். மற்றவர்கள் ஒரு நாள் முழுக்க வேலைக்குப் போகாமல் வாசலில் நின்று பார்த்தார்கள். "போங்கடி, போய்ப் பொழப்பப் பாருங்க. பூட்டு மட்டும் திரும்ப வராமப் பாத்துக்குங்க" என்று அவளே அவர்களை உள்ளே அனுப்பிவைத்தாள். அவர்களும் பார்த்துக்கொண்டார்கள்.

அவள் பழைய மெஷின் ஒன்றை வாங்கி வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைக்க ஆரம்பித்தாள். கோரியோ கூடுதலாக வண்டி ஓட்டினான். என்ன மாறியது என்று அதன்பிறகு அவன் அவளிடம் கேட்கவில்லை. ஆனால் ஜீப்னி நிறுத்தத்தில் யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால் போதும், "என் பொண்டாட்டி என்ன செஞ்சா தெரியுமாடா?" என்று ஆரம்பித்துவிடுவான். பயணிகள் ஏறி உட்கார்ந்து கத்தினாலும் கதை முடிகிற வரை வண்டி நகராது.

வருஷங்கள் போயின. பக்கத்து வீட்டுக்கு ரோவேனா என்று கல்யாணமாகிக் கொஞ்ச நாளே ஆன ஒரு பெண் குடிவந்தாள். அவளுக்கும் அதே ஆலையில்தான் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் நியேவெஸ் அவளிடம் கேட்டாள்:

"அங்க பாத்ரூமுக்கு இப்ப எத்தனை தடவை விடறாங்க?"

ரோவேனா விழித்தாள். "விடறதா? வந்தா போவோம். அதுக்கு யாரு விடணும்க்கா?"

நியேவெஸுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு. வாளி நிரம்பி வழிந்து கால் நனைந்தபோதும் சிரித்துக்கொண்டே இருந்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"ஏன்க்கா சிரிக்கறீங்க? அங்க ஒண்ணும் சொர்க்கம் இல்ல. வேலைக்குச் சேர்ந்து அஞ்சு மாசம் ஆச்சுன்னா வீட்டுக்கு அனுப்பிடறான். ஆறு மாசம் வச்சிருந்தா சட்டப்படி வேலைய நிரந்தரமாக்கணுமாம். மறுபடி புதுசா சேரணும். என் முறை அடுத்த மாசம்."

நியேவெஸ் சிரிப்பை நிறுத்தினாள். குழாயை மூடிவிட்டு, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தபடி கல்மேல் உட்கார்ந்து, பக்கத்தில் அவளுக்கும் இடம் விட்டாள்.

"உக்காரு. உன்னை மாதிரி இன்னும் எத்தனை பேர் இருக்காங்க, சொல்லு."