வீடு யாருது, பை யாருது

பாளையங்கோட்டையில் வயது வந்தவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. கடைக்காரர்கள், டிரைவர்கள், வீட்டுப் பெண்கள் எல்லாம் சாயங்காலம் வந்து படிக்கிறார்கள். நடத்துகிறவர் திருஞானசம்பந்தம். நெற்றி நிறையத் திருநீறு, சட்டைப்பையில் இரண்டு பேனா. இரண்டு பேனா வைத்திருக்கிற ஆளை நான் சட்டென்று நம்புவதில்லை. ஒன்று எழுதுவதற்கு, மற்றது எழுதினதை அடிப்பதற்கு.

அவருக்கு ஒரு டீச்சர் வேண்டியிருந்தது. என் மகள் முத்துராணி இங்கிலீஷில் பி.ஏ. முடித்தவள். முடித்து என்ன, ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று சேலையை விரிப்பதும் மடிப்பதுமாக இருந்தாள். மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டைக் கம்பெனி மூடி, மலையிலிருந்து நாங்கள் கீழே இறங்கின பிறகு வீட்டில் அடுப்பு எரிவது அவளால்தான். வேலை முடிந்து வந்ததும் வீங்கின காலை நீட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். இந்த வேலை கிடைத்தால் அந்தக் கடையை விட்டுவிடலாம்.

திருஞானசம்பந்தம் அவள் சர்டிபிகேட்டைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம்.

"இது எல்லார்ட்டயும் இருக்கும்மா. இங்கிலீஷே தெரியாத பத்துப் பேரைக் கூட்டிட்டு வாங்க. என் முன்னால அரைமணி நேரம் பாடம் நடத்துங்க. முடிஞ்சதும் அவங்கள்ட்ட நானே கேள்வி கேப்பேன். பதில் வந்தா வேலை உங்களுக்கு."

பாடத்தையும் அவரே சொல்லிவிட்டார். ஒரு பொருள் யாருடையது என்று இங்கிலீஷில் சொல்வது எப்படி.

இங்கிலீஷ் தெரியாத ஆளுக்கு எங்களிடம் பஞ்சமா? அரசாங்கம் கொடுத்த அடுக்குமாடி வீட்டில் எங்கள் படிக்கட்டை ஒட்டிக் குடியிருப்பவர்களே போதும். எல்லாரும் எஸ்டேட் ஆட்கள். கொழுந்து பறித்த பிரம்மநாயகி, மருந்தடித்த பேச்சிராஜ் என்று ஒன்பது பேர் உடனே சேர்ந்துவிட்டார்கள். ஒரு ஆள் குறைந்தது.

"எப்பா, நீங்களும் வாரீயளா?" என்று முத்துராணி கேட்டாள்.

"மூணாங்கிளாசோட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். என்னைப் போயி கூப்பிடுத?"

"அதான் வேணும். உங்களமாதிரி ஒண்ணுந் தெரியாத ஆளு தேடுனாலும் கெடைக்காது."

எனக்கு வேறு யோசனை. இந்த மாதிரி இடத்தில் ஆளை முன்னாலேயே முடிவு பண்ணிவிட்டு, ஒப்புக்கு நாலு பேரைக் கூப்பிட்டு வைப்பார்கள். அதை நேரில் பார்த்துவிடலாம் என்றுதான் கிளம்பினேன்.

எங்களுக்கு முன்னால் வேறொரு பெண் பாடம் நடத்தினாள். அவள் கூட்டி வந்தவர்கள் எல்லாம் இஸ்திரி போட்ட சட்டை. கேள்வி முடியும் முன்னால் ஒருத்தன் பதில் சொல்லிவிட்டான்.

"தெரியாதவன் மூஞ்சியாவே இது?" என்று பேச்சிராஜ் என் காதைக் கடித்தான்.

பிறகு எங்கள் முறை. முத்துராணி போர்டில் எழுதினாள். மை என்றால் என்னுடைய. யுவர் என்றால் உங்களுடைய. ஆள் பேர் வந்தால், பேருக்குப் பின்னால் மேலே ஒரு சின்னக் கோடு, அதற்கு அடுத்து ஒரு எஸ். பேச்சிராஜின் குடையை வாங்கித் தூக்கிக் காட்டினாள்.

"பேச்சிராஜ்ஸ் அம்ப்ரெல்லா" என்று எல்லாரும் கத்தினோம்.

"நாக்கு சுளுக்கிக்கிடும் போலுக்கே தாயி" என்றாள் பிரம்மநாயகி.

"அது நாள்பூரா வெத்தலை போட்ட நாக்கு மதினி. சுளுக்காது" என்றான் பேச்சிராஜ்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. முத்துராணி முகத்தில் வேர்வை அடங்கியிருந்தது. அப்போது திருஞானசம்பந்தம் எழுந்து நேராக என்னிடம் வந்தார்.

"பெரியவரே, நீங்க குடியிருக்கது யாரு வீடு? இங்கிலீஷ்ல சொல்லுங்க பாப்போம்."

வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஆள் வந்து வீடு யாருடையது என்று கேட்டால், 'என் வீடு' என்று எங்கள் ஆட்கள் வாயிலிருந்து வராது. மேலே இருந்தவரைக்கும் அது கம்பெனி வீடு. நான் பிறந்ததும் கல்யாணம் முடித்ததும் முத்துராணி பிறந்ததும் வரிசையாகக் கட்டின அந்த லைன் வீட்டில்தான். இருந்தாலும் வேலை போனால் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். இறங்கினோம். இப்போது இந்த ஆள் எதற்குக் கேட்கிறாரோ, யாரிடம் போய்ச் சொல்வாரோ?

"கவர்மெண்ட்ஸ் ஹவுஸ்" என்றேன்.

பிரம்மநாயகி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கவர்மெண்ட்ஸ் ஹவுஸ்" என்றாள்.

"கம்பெனிஸ் ஹவுஸ்" என்றான் பேச்சிராஜ்.

"ஏலே, இப்ப எங்கலே கம்பெனி?"

"பழக்கத்துல வந்துட்டு மதினி. கவர்மெண்ட்ஸ் ஹவுஸ்."

கடைசி ஆள் வரைக்கும் அதையேதான் சொன்னார்கள். திருஞானசம்பந்தம் நாற்காலிக்குத் திரும்பிப் போனார்.

"ஒருத்தர் வாயிலயும் 'மை' வரலையேம்மா. முதப் பாடமே அதுதான? இவங்களுக்கு ஏறலையே." பேனாவைக் கையில் எடுத்தார். எழுதுகிற பேனாவா, அடிக்கிற பேனாவா, தெரியவில்லை.

முத்துராணி என்னைப் பார்த்தாள். ஜவுளிக்கடைக்காரன் ஏசினபோதுகூட அவள் முகம் அப்படிக் கறுத்து நான் பார்த்ததில்லை. ஆனால் அழவில்லை.

"சார், அஞ்சு நிமிசம் குடுங்க" என்றாள்.

பெஞ்சு பெஞ்சாகப் போய் எங்கள் பைகளை வாங்கினாள். பத்தும் ஒரே மாதிரி மஞ்சள் பை. எங்களோடு எஸ்டேட்டில் இருந்த பெருமாள்ராஜ் மகள் கல்யாணத்தில் தேங்காய் வெற்றிலை போட்டுக் கொடுத்தது. அடையாளத்துக்கு ஒவ்வொரு பையின் காதிலும் ஒரு துணிக் கிழிசல் கட்டியிருந்தது. எஸ்டேட்டில் கொழுந்துச் சாக்கெல்லாம் எடை போடும் இடத்தில் கலந்து கிடக்கும். பழைய சேலையில் கிழித்து அவரவர் சாக்கில் ஒரு துண்டைக் கட்டிவைத்தால்தான் நம் சாக்கு நமக்கு. இறங்கி வந்தும் அந்தப் பழக்கம் விடவில்லை.

முத்துராணி பைகளை நடுத்தரையில் குவித்தாள். குனிந்து, அத்தனை கிழிசலையும் அவிழ்த்தாள்.

"ஏ புள்ள, என்ன காரியம் செய்யுத!" என்று பிரம்மநாயகி பதறிப்போனாள்.

"இனி துணி கெடையாது அத்தை. வாயாலதான் சொல்லணும், இங்கிலீஷ்ல. சொன்னவுகளுக்குத்தான் பை."

பேச்சிராஜ் பாய்ந்து ஒன்றைப் பிடித்தான். "மை பேக்!"

"கையை எடுலே! மை பேக். உள்ள என் வெத்தலை இருக்கு."

"என் பஸ் டிக்கெட்டுல்லா இருக்கு."

பிரம்மநாயகி பிடுங்கித் திறந்தாள். வெற்றிலை. "பாத்தியா? மை வெத்தலை, மை பேக்! உன்னுது அந்தா கெடக்கு. யுவர் பேக். தூக்கிட்டு ஓடு."

அதற்குள் எல்லாரும் குவியலில் விழுந்துவிட்டோம். மை, யுவர் என்று ஒரே கூச்சல். திருஞானசம்பந்தமும் எழுந்து வந்து ஒரு பையைத் தூக்கினார்.

"அப்ப இது எனக்கு. மை பேக்."

புடைப்பைப் பார்த்தாலே தெரிந்தது, என் பை அது. "நோ! மை பேக்" என்றேன். "யுவர் பேக் நோ. கீழ வையும்வே."

"உள்ள என்ன இருக்கு?"

"மை கண்ணாடி. மை மாத்திரை."

"வீட்டை மட்டும் கவர்மெண்ட்டுதுன்னு சொன்னீங்க?"

"வீட்டுலருந்து இறக்கிவிட்டாங்க. பையை எவனும் கேக்கல. அது என்னுதுதான்."

அவர் பையை என்னிடம் கொடுத்தார். சிரிப்பை அடக்க முடியாமல் பேனாவைச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டார். "திங்கக்கிழமை சாயங்காலம் வந்துருங்கம்மா" என்றார்.

"யாரை வரச் சொல்லுதீரு? பேரைச் சொல்லும்" என்றேன் நான்.

"முத்துராணியை. அவங்கதான் இனி டீச்சர். போதுமா?"

"அப்ப சரி."

திங்கட்கிழமை நானும் கூடப் போனேன். சொன்ன சொல்லை அந்த ஆள் காப்பாற்றுகிறாரா என்று பார்க்க வேண்டாமா? கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். முத்துராணி உள்ளே வந்ததும் எல்லாரும் எழுந்து வணக்கம் சொன்னார்கள். முன் பெஞ்சில் ஒரு பாத்திரக்கடை முதலாளி, கழுத்தில் தடித்த சங்கிலி. என்னமோ தப்பாகச் சொன்னார். திரும்பச் சொல்லச் சொன்னாள். திரும்பவும் தப்பு. அவள் விடவில்லை. சரியாக வரும்வரைக்கும் சொல்ல வைத்தாள். அவரும் பவ்யமாகச் சொன்னார்.

எனக்குப் பக்கத்தில் இருந்தவன் குனிந்து, "யாருவே இந்த டீச்சரு? ரொம்பக் கறாரா இருக்காவ" என்றான்.

"என் மகதான். நீரு போர்டைப் பாரும்" என்றேன்.