குளத்துக்குப் போட்ட உப்பு

அருமைநாதனிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் போகவேண்டும். மனைவி அக்னெஸ் அப்படித்தான் ரொறன்ரோவுக்குப் போனாள். மகள் ஜெசிக்காவுக்குப் பிள்ளைப்பேறு, போகாமல் இருக்க முடியாது. லவால் நகரத்து வீட்டின் பின்வளவில் அவள் ஆசையாய் வளர்த்த தங்கமீன் குளம் இனி மனுசன் பாடு.

ஜெசிக்கா கறாரான பிள்ளை. தாயும் தகப்பனும் இந்த வயதில் தனிவீட்டைக் கட்டி மாரடிக்கத் தேவையில்லை, விற்றுவிட்டுத் தன் பேஸ்மென்ட்டுக்கு வந்து இருக்கட்டும் என்பது அவள் கட்சி. இந்தக் குளிருக்குள் வீட்டையும் குளத்தையும் அப்பா தனியாகச் சமாளித்தால் அந்தப் பேச்சை விடுவதாகச் சொல்லியிருந்தாள். அருமைநாதனுக்கு அந்த பேஸ்மென்ட்டை நினைத்தாலே மூச்சு முட்டும்.

அக்னெஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். குளிருக்குள் மீனுக்குச் சாப்பாடு போடக்கூடாது, செரிக்காது. தண்ணீரில் மிதக்கும் ஹீட்டர் ஐஸில் ஒரு ஓட்டையைத் திறந்து வைத்திருக்கும். ஓட்டை மூடினால் கெட்ட காற்று வெளியேற வழியில்லாமல் மீன் செத்துப்போகும். ஆனால் சுத்தியலால் மட்டும் அடிக்கக்கூடாது, அந்த அதிர்வே மீனைக் கொன்றுவிடும். கொதிநீர்ச் சட்டியை மேலே வைத்து உருக்கவேண்டும்.

தை மாதம் உறைமழை கொட்டிக் கரண்ட் நின்றது. ஹீட்டரும் நின்றது, ஓட்டையும் மூடியது. கொதிநீருக்கு அடுப்பு வேண்டும், அதுவும் கரண்ட் அடுப்பு. பக்கத்து வீட்டுக்காரன் ஓரிரண்டு நாளைக்கு ஒன்றும் ஆகாது என்றான். அருமைநாதனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசற்படி ஐஸை உருக்கப் போடும் உப்பு மூட்டையோடு கிடந்தது. மன்னார்க் கரையில் பிறந்தவருக்குத் தெரிந்த மீனெல்லாம் உப்புத் தண்ணீரில் சீவித்த மீன்தான். உப்பு மீனுக்கு ஆகாது என்று எந்த மன்னாரான் நினைப்பான்? மூட்டையை அப்படியே ஐஸின் மேல் கவிழ்த்தார். ஐஸ் இளகி வாய் திறந்தது. தன் கெட்டித்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டு போய்ப் படுத்தார்.

விடிய அந்த நன்னீர் மீன்கள் அத்தனையும் வயிறு தெரிய மிதந்தன. மனுசன் ஆடிப்போனார்.

போனில் ஒளிக்காமல் சொன்னார். "ஐஸ் உருகட்டும் எண்டு உப்புப் போட்டனான் அக்னெஸ். எல்லாம் செத்துப்போச்சு."

அவள் வாய்விட்டு அழுதாள். மீனும் போய், வீடும் போய்விட்டது என்று மனதுக்குள் முடிவு கட்டினார்.

அழுது முடித்து அவள் குரலைத் தாழ்த்தினாள். உப்புக் கதையை வேறு யாருக்காவது சொன்னாரா என்று கேட்டாள். இல்லை என்றார்.

"சொல்லாதேங்கோ. கரண்ட் நிண்டதாலதான் செத்ததெண்டு பிள்ளைக்கு நான் சொல்லுறன். இந்த பேஸ்மென்ட்டில என்னால இன்னும் ஒரு கிழமைகூட இருக்கேலாதப்பா."