முடிவாச்சா

மேம்பாலத்தில் ஏறுவதா, அடியில் போவதா என்று தெரியவேண்டிய இடத்தில் வழி காட்டிக்கொண்டிருந்த காரின் திரை கறுத்துவிட்டது. போனிலிருந்து திரைக்கு வழியைக் கொண்டுபோகிற ஒயர் லூசு. பக்கத்தில் கிடந்த போனை ஒரு கையால் தடவி எடுத்து, செருகியிருக்கும் முனையைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்தால் மறுபடி உயிர் வரும். ஆனால் பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவேயில்லை. ஏறிவிட்டேன். ஏறக்கூடாத பாலம். இறங்க மூன்று கிலோமீட்டர், திரும்பி வர இன்னொரு மூன்று. பாலத்துக்கு அடியில் போகிற தெருவில் ஒரு பெரியவர் முந்தின இரவு ஏழு மணியிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் உள்ளே போகாமல் என் ஊசிக்காக உட்கார்ந்திருந்தார்.

நான் ஒரு பரிசோதனைக் கூடத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிறவள். பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் எனக்கு ஊசி அக்கா என்று பெயர். ஐம்பதைத் தொடப்போகிறவளை அக்கா என்று கூப்பிடுகிற நல்ல மனசுக்காகவே அந்தப் பிள்ளைகளுக்கு வலிக்காமல் குத்துவேன். காலை ஆறு மணிக்குள் முதல் வீடு. பத்தரைக்குள் இருபத்திரண்டு வீடு. போனைக் காரிலேயே விட்டுவிட்டு மாடி ஏற முடியாது. குப்பியில் ஒட்டுகிற கோடு போட்ட ஸ்டிக்கரை அதில்தான் படம் பிடிக்க வேண்டும், அப்போதுதான் இன்னாருடைய ரத்தம் இன்னாருடையது என்று கூடத்துக்குத் தெரியும். ஆகவே ஒவ்வொரு வாசலிலும் ஒயரிலிருந்து போனைப் பிடுங்க வேண்டும், திரும்பி வந்து செருக வேண்டும். ஒரு காலைக்கு நாற்பத்துநாலு தடவை. மூன்று வருஷத்தில் போனின் அந்தச் சின்னத் துளை என் முழங்காலை மாதிரி ஆகிவிட்டது. இருக்கிறது, ஆனால் பிடிமானம் இல்லை.

பெரியவர் வீட்டை அடைந்தபோது முக்கால் மணி நேரம் தாமதம். அவர் சோபாவில் சாய்ந்து வியர்த்துக் கிடந்தார், வாயில் சர்க்கரையைப் போட்டிருந்தார்கள். மருமகள் என்னை வாசலிலேயே நிறுத்தி, வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டாள். நியாயமான கேள்விகள்தான். சொல்வதற்கு என்ன இருக்கிறது? என் வீட்டுக்காரர் இருபத்தாறு நாளாக ஒரு சாமான் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறார், அது முடியவில்லை, அதனால்தான் உங்கள் மாமனார் மயங்கினார் என்றா?

அதுதான் உண்மை. போனை ஒயர் இல்லாமலேயே காரின் திரையோடு இணைக்கிற அடாப்டர் என்று ஒன்று இருக்கிறது. தீப்பெட்டி அளவு. காரில் ஒயர் செருகுகிற இடத்தில் அதைச் செருகிவிட்டால் போதும், போன் பையிலேயே இருக்கலாம். காரில் ஏறினால் தானே பிடித்துக்கொள்ளும், இறங்கினால் தானே விட்டுவிடும். இதைக் கூடத்தில் ஒரு பெண் சொன்னாள், நான் வீட்டில் வந்து சொன்னேன். சொன்னது என் தப்பு. என் வீட்டுக்காரர் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் கொள்முதல் அதிகாரியாக இருந்தவர். மூன்று இடத்தில் விலை கேட்டு, ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு, மாதிரி வாங்கிப் பார்க்காமல் அங்கே ஒரு போல்ட்டு, ஒரு துடைப்பம்கூட உள்ளே வந்ததில்லை. அவர் வாங்கின பொருள் ஒன்றுகூடத் திரும்பிப் போனதில்லை என்பதைக் கல்யாணமான புதிதில் என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. அந்தத் தொழிற்சாலையை மூடி எட்டு மாதம் ஆகிறது.

முதல் மாதம் பலருக்குப் போன் செய்தார். இரண்டாம் மாதம் அவர்கள் எடுப்பதை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு வீட்டில் அவர் பேசுவதெல்லாம் கேஸ் வந்தது, தண்ணீர் வந்தது, மழை வரும்போல இருக்கிறது என்பதோடு சரி. விடுதியில் இருக்கிற மகள் போனில் கூப்பிட்டால், "அம்மாகிட்ட குடுக்கறேன்" என்று நீட்டிவிடுவார். அப்படிப்பட்ட மனுஷர், நான் அடாப்டர் என்று சொன்ன மறுநாள் மதியம் வேலை முடிந்து வந்தால், சாப்பாட்டு மேசையில் கோடு போட்ட நீளத் தாள்களை ஒட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார். சிவப்புப் பேனா ஒன்று, நீலம் ஒன்று. பதினேழு அடாப்டர்களின் பெயர்கள், நம்பர் போட்டு வரிசையாக. காரை ஓட்ட ஆரம்பித்தால் எத்தனை விநாடியில் பிடிக்கும், பாலத்துக்கு அடியில் விடுமா, பேசும்போது எதிரொலிக்குமா, எவ்வளவு சூடாகும், நம் கார் வந்த வருஷத்துக்குப் பொருந்துமா. வாங்கினவர்கள் எழுதின புகார்களையெல்லாம் படித்துக் குறித்திருந்தார். ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய் காரில் ஒயர் செருகுகிற துளைக்கும் கியருக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்றுகூட அளந்திருந்தார்.

"புகழ்ந்து எழுதறவன நம்பக்கூடாது. திட்டறவன்தான் பொருளை உண்மையா பயன்படுத்தியிருப்பான்" என்றார் சோற்றைப் பிசைந்துகொண்டே. அவர் குரலை அப்படிக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. எனக்கு இருந்த அலுப்பில் காது பாதி மூடித்தான் இருந்தது, ஆனாலும் கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த நாளிலிருந்து செருப்பைக் கழற்றும்போதே, "முடிவாச்சா?" என்று கேட்பது பழக்கமாகிவிட்டது. பதினேழு பதினொன்றாயிற்று. பதினொன்று ஏழு. ஏழு நாலாகும் என்று பார்த்தால், புதிதாக இரண்டு சந்தைக்கு வந்திருக்கிறது என்று மறுபடி ஒன்பது. விற்கிறவர்களுக்குக் கடிதம் எழுதினார். ஒருவன் பதில்கூடப் போட்டான், அதைப் படித்துக் காட்டினார். எனக்குப் புரிந்துவிட்டது, இவர் முடிவெடுக்கப்போவதில்லை. முடிவெடுத்துவிட்டால் மறுநாள் காலை எதற்காக எழுந்திருப்பது?

பெரியவர் மயங்கின அன்று மாலை கூடத்து மேற்பார்வையாளர் கூப்பிட்டு, "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உங்க ரூட்டை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்மா" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. அவரும் களைத்துப்போய்த்தான் சொன்னார். மறுநாள் கூடத்துக்குப் பக்கத்தில் கார் சாமான்கள் விற்கும் கடைக்குள் நுழைந்து, எது இருக்கிறது என்று கேட்டு, அவன் எடுத்துக் கொடுத்ததை வாங்கி வந்துவிட்டேன். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. செருகினேன். திரை மினுக்கியது, வழி வந்தது, ஒரு பெண்குரல் நேராகப் போகச் சொன்னது. காரை ஓரம் கட்டிக் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டிருந்தேன். சந்தோஷப்பட வேண்டிய நேரம். அவருடைய இருபத்தாறு நாளை நான் மூன்று நிமிஷத்தில் முடித்துவிட்டேன் என்பதுதான் மண்டையில் ஓடியது.

சொல்லவில்லை. தினமும் எங்கள் தெரு முனையில், மருந்துக்கடைக்கு முன்னால் காரை நிறுத்துவேன். அடாப்டரைப் பிடுங்கி என் பெட்டியில் பஞ்சு வைக்கிற டப்பாவுக்குள் திணிப்பேன். பழைய ஒயரைத் திரும்பச் செருகித் தொங்கவிடுவேன். வீட்டு வாசலில் இறங்கும்போது முகத்தில் திருட்டு முழி வந்துவிடக்கூடாதே என்று வேறு கவலை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் இவரிடம் மறைத்த ஒரே விஷயம் ஒரு தீப்பெட்டி அளவு சாமான். உள்ளே வந்ததும், "முடிவாச்சா?" என்று கேட்பேன். "ரெண்டுல ஒண்ணு. இன்னும் ஒரு வாரம் பாப்போம்" என்பார். சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்து, நாலாம் நம்பர் ஏன் மழைக்காலத்தில் விட்டுவிட்டுப் பிடிக்கிறது என்பதைக் கேட்டுக்கொள்வேன். இப்படி மூன்று வாரம்.

நேற்று முன்தினம் அவருக்கு ஒரு நேர்காணல் வந்தது. ஒரு மருத்துவமனையில் சாமான் வாங்கும் பிரிவு. பழைய பதவியை விட இரண்டு படி கீழே. பதினொன்றரைக்கு வரச் சொன்னார்கள். முதலில் போக மாட்டேன் என்றார், பிறகு அரை மணி நேரம் சட்டையைத் தேய்த்தார். நான் காலை வேலை முடிந்ததும் வந்து கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தேன். சாப்பிட்ட பிறகு எடுக்கவேண்டிய ரத்தம் ஒரு வீட்டில் மிச்சம், அது அந்த மருத்துவமனைக்குப் பக்கத்தில்தான், அவரை இறக்கிவிட்டு எடுத்துக்கொள்ளலாம். குப்பிகளைக் கூடத்தில் இறக்கிவிட்டு அரக்கப்பரக்க ஓட்டி வந்தேன். தெரு முனையில் மருந்துக்கடை எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியாது. அவர் வாசலில் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் கோப்பு, எண்ணெய் வைத்து வாரின தலை. என்னோடு முதல் தடவை சினிமாவுக்கு வந்தபோது நின்ற அதே நிற்பு.

ஏறி உட்கார்ந்து கோப்பை மடியில் வைத்துக்கொண்டார். நான் காரைக் கிளப்பினேன். இருபது அடி போயிருப்போம், திரை தானாக மினுக்கியது.

"இருநூறு மீட்டரில் வலதுபுறம் திரும்பவும்" என்றது அந்தப் பெண்குரல், ரொம்பத் தெளிவாக.

என் முகத்தில் ஈயாடியிருக்காது. போன் என் இடுப்புப் பையில். ஒயர் முன்பெட்டிக்குள். கியருக்கு முன்னால் அந்தக் கறுப்புத் தீப்பெட்டி நீல விளக்கைப் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தது. அவர் அதைப் பார்த்தார். குனிந்து, அதன் மேல் எழுதியிருந்ததைப் படித்தார்.

"ஆறாம் நம்பர்" என்றார். "இத நான் ரெண்டாவது நாளே தள்ளிட்டேன். சூடாகும்."

"ஏங்க..."

"ரோட்டைப் பாரு."

ரோட்டைப் பார்த்தேன். நேர்காணலுக்குப் போகிற மனுஷரை இன்றைக்குப் பார்த்துத்தானா நான் இப்படிச் சாய்க்க வேண்டும்? என்ன சொன்னாலும் நான் உங்கள் வேலைக்குக் காத்திருக்கவில்லை என்றுதான் அர்த்தமாகும். சிக்னலில் நின்றோம். பக்கத்து பஸ்ஸில் ஒருத்தி ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டக் கொடுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் இடத்தில் நான் இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

"எனக்குத் தெரியும்" என்றார் அவர்.

"என்ன தெரியும்?"

"நீ வாங்கிட்டேன்னு. ஒயர்ல போட்டு ஓட்டினா உன் போன் சார்ஜ் ஏறி நூறுல வீட்டுக்கு வரும். மூணு வாரமா இருபதுல வருது. ஒயர் இல்லாத சாமான்ல சார்ஜ் இறங்கும், ஏறாது. இதெல்லாம் படிச்சுக்கிட்டுத்தானே வீட்ல உக்காந்திருக்கேன்."

சிக்னல் பச்சையானதை நான் கவனிக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"தெரிஞ்சும் ஏன் தினமும் அந்தப் பேப்பரைத் தூக்கிட்டு வந்தீங்க?"

அவர் கோப்பின் நாடாவைச் சுற்றினார், அவிழ்த்தார்.

"செருப்பைக் கழட்டும்போதே கேப்பியே, முடிவாச்சான்னு" என்றார். "எட்டு மாசமா என்கிட்ட வேற யாரும் எதையும் கேக்கல."

நான் அவர் பக்கம் திரும்பவில்லை. ரோட்டைப் பார்க்கச் சொன்னவர் அவர்தானே. ஆனால் எனக்கு ரோடு சரியாகத் தெரியவில்லை. புறங்கையால் துடைத்துக்கொண்டேன். மூன்று வாரமாக நான் அவருக்காக நடித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மேசையில் எனக்கு எதிரே இன்னொருவர் உட்கார்ந்து எனக்காக நடித்துக்கொண்டிருந்திருக்கிறார். யார் யாரைச் சுமந்தோம் என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது. சொல்லத் தெம்பும் இல்லை.

நாடாவை அவிழ்த்து, சான்றிதழ்களுக்கு அடியிலிருந்து அந்த நீளத் தாளை உருவினார். நேர்காணலுக்கு எதற்கு இதை எடுத்து வந்தார் என்று நான் கேட்கவில்லை. என்ன செய்கிறீர்கள் இப்போது என்று அங்கே கேட்டால் காட்டுவதற்கு அவரிடம் வேறு என்ன இருக்கிறது? முழங்காலில் தாளை மடித்து வைத்து, சட்டைப்பையிலிருந்து நீலப் பேனாவை எடுத்தார். ஆறாம் நம்பருக்கு நேரே கடைசிக் கட்டம் காலியாக இருந்தது.

"எத்தனை விநாடில பிடிக்குது?"

"பதினஞ்சு, இருபது."

"பாலத்துக்கு அடியில?"

"இதுவரைக்கும் விடல."

"சூடு?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். "ஆகுது. பதினஞ்சு வீட்டுக்கு மேல போனா தொட முடியாது. நேத்து அதுவா ஒரு தடவை அணைஞ்சு வந்துச்சு."

"சொன்னேனே" என்றார். அந்தக் குரலில் பழைய அலுவலகம் முழுக்க இருந்தது. எழுதினார். கார் ஆட்டத்தில் எழுத்து கோணலாகப் போயிற்று. எழுதி முடித்துப் பேனாவை மூடிவிட்டு, ஒரு விரலை நீட்டி அந்தக் கறுப்புப் பெட்டியைத் தொட்டார். விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

வெளியே வெயில் ஏறியிருந்தது. எங்கள் காரின் ஏசி பேருக்குத்தான். காற்று வருகிற வாய் நாலு இருந்தாலும் ஒன்றில்தான் ஒழுங்காக வரும். அது அவர் பக்கத்தில் இருக்கிறது. ஏறினதும் நான்தான் அதை அவர் மேல் படும்படி திருப்பி வைத்திருந்தேன், சட்டை நனையாமல் போய் உட்காரட்டும் என்று. கழுத்துப் பட்டையில் ஏற்கனவே லேசாக ஈரம் கோத்திருந்தது. மருத்துவமனைக்கு இன்னும் நாலு கிலோமீட்டர் என்று திரை காட்டியது. அவர் கையை நீட்டி, காற்று வருகிற அந்த வாயைத் தன் மேலிருந்து மெல்லத் திருப்பி, கீழே குனிய வைத்து, நீல விளக்கு எரிகிற பெட்டியின் மேல் நேராகப் படுகிற மாதிரி நிறுத்தினார். பிறகு தாளால் விசிறிக்கொண்டே முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.