ஆறு சிவப்புக் கொடிகள்

தோண்டும் இயந்திரத்தின் வாளி தரையைக் கவ்வி மேலே எழும்போதுதான் அவள் நீர்த்தேக்கக் கரைக்கு வந்து சேர்ந்தாள். கையிலிருந்த தண்ணீர்ச் சோதனைப் பாட்டில் கூடையை எங்கே போட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

"நிறுத்துங்க! நிறுத்துங்கன்னா!"

இயந்திரம் நின்றது. பக்கத்தில் நின்று கைகாட்டிக்கொண்டிருந்த கசிவுப் பிரிவு மேஸ்திரி திரும்பினார். அவர் அவளுடைய வீட்டுக்காரர்தான்.

"ஏன் இப்படிக் கத்துற? யாராவது உள்ள விழுந்துட்டாங்களா?"

"அது கூடுங்க! நாலு முட்டை இருந்துச்சு!"

"கூடா? கசிவுன்னுல்ல கொடி நட்டிருக்கு?"

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆள்காட்டிக் குருவி மரத்தில் கூடு கட்டாது. வெறும் சரளையில் முட்டையிடும். முட்டையும் கூழாங்கல் போலவே இருக்கும். யாரும் மிதித்துவிடக் கூடாதே என்று, முந்தின நாள் ஆறு கூட்டுக்கும் பக்கத்தில் சிவப்புக் கொடி நட்டவள் அவள். ஊருக்கெல்லாம் சிவப்பு என்றால் கிட்டே வராதே. தண்ணீர் அலுவலகத்தின் கசிவுப் பிரிவுக்கு மட்டும், இங்கே குழாய் ஒழுகுகிறது, தோண்டு.

"இருபது வருஷமா என்கூடக் குடும்பம் நடத்துற. சிவப்புக் கொடின்னா என்னன்னு தெரியாதா?"

"வீட்டுக்கு வந்தா வேலையைப் பத்தி வாயத் திறந்திருக்கீங்களா? உப்பு கம்மின்னு சொல்ல மட்டும்தான் வாய் திறக்கும்."

மேலே தாய்ப்பறவை வட்டமடித்து அலறிக்கொண்டிருந்தது.

அந்தச் சரளைக் கரையை இந்த வருஷம் சும்மா விடச் சொல்லிக் கேட்டதே அவள்தான். அங்கே களைக்கொல்லி அடிக்கிற வாரமெல்லாம் அது தான் சோதிக்கும் தண்ணீரில் தெரிகிறது என்று, வேலை பார்க்கும் ஆய்வகத்திலிருந்து எழுதிப் போட்டாள். பொறியாளர் ஒரே ஒரு பருவம் தந்தார். ஏதாவது உயிர் வந்து தங்கினால் கரை அதுகளுக்கு. இல்லாவிட்டால் குழாய் அடுக்கும் கிடங்கு. வீட்டுக்காரர் கேலி பேசுவாரே என்று வீட்டில் கூட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. பொறியாளர் எண்ணிப் பார்க்க வருவது இன்றைக்குத்தான், பதினோரு மணிக்கு.

மேஸ்திரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "மண்ணப் போட்டு மூடிடறேன். அஞ்சு கூடுதான்னு சொல்லிடு. யாருக்குத் தெரியப் போகுது?"

"எண்ணினது ஆறுங்க. எண்ணுறதுதானே என் வேலை? இங்க பொய் சொன்னா, நாளைக்குத் தண்ணியப் பத்தி நான் எழுதுறத எவன் நம்புவான்?"

பொறியாளரம்மா வந்தார். அவள் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். "ஆறு கூடு மேடம். ஒண்ணு போயிடுச்சு. தப்பா சிவப்புக் கொடிய நட்டது நான்."

"தோண்டச் சொன்னது நானுங்க," என்றார் மேஸ்திரி. "தோண்டுறதுக்குச் சீட்டு வந்துதான்னு பாத்திருக்கணும். கொடியப் பாத்ததும் கை அரிச்சிடுச்சு."

பொறியாளர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த கொடிவரை நடந்தார். "எங்க? ஒண்ணையும் காணோமே?"

"உங்க வலது கால் பக்கத்துல."

அவர் குனிந்தார். காலை வைத்த இடத்திலிருந்து மெல்ல, மிக மெல்ல எடுத்தார். கூர்முனைகள் நடுவில் ஒன்றுசேர, நான்கு முட்டைகள். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குஞ்சு பொரிச்சு நடக்குற வரைக்கும் இந்தப் பக்கம் ஒரு மெஷினும் வரக்கூடாது. கிடங்கு பேச்சை அப்புறம் பாத்துக்கலாம். கொடி வேற நிறத்துல வாங்குங்கம்மா."

கரை பிழைத்ததா என்று அந்தப் பேச்சிலிருந்து அவளுக்குப் பிடிபடவில்லை. வீட்டில் மூன்று நாளாகச் சாப்பாட்டில் உப்பு சரியாக இருந்தது. அல்லது அவர் சொல்லவில்லை.

நாலாம் நாள் ஆய்வகத்துக்கு அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. "குழிய மூடலாம்னு வந்தேன். மெஷின் இல்லாம, மண்வெட்டியோட தனியாத்தான். கொஞ்சம் வாயேன். சத்தம் போடாம வா."

மேஸ்திரி தூரத்தில் புல்லுக்குள் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். அவளையும் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். வாளி அள்ளிக் கொட்டிய மண்மேட்டின் மேல் ஓர் ஆள்காட்டி.

"அன்னிக்கு அலறினதேதானா?"

"யாருக்குத் தெரியும்?"

"இப்ப இந்த மண்ண எடுத்துக் குழிய நான் எப்படி மூடுறது?" என்றார் அவர் கிசுகிசுப்பாக.

பறவை நெஞ்சைச் சரளையில் அழுத்தி, கால்களால் பின்னால் உதைத்தது. அரை வட்டம் திரும்பி மறுபடி அழுத்தியது. பிறகு எழுந்து, முட்டையிடத் தான் செய்த பள்ளத்தைச் சாய்ந்து பார்த்து, உறுத்திய ஒரு கல்லை அலகால் எடுத்துத் தோளுக்குப் பின்னால் எறிந்தது.