திரும்பிப் போகும் பெட்டிகள்

காய்கறி மொத்த வியாபாரியான அவருக்குச் சந்தையில் 'ஆனாலும்' என்றுதான் பெயர். யார் எதைச் சொன்னாலும் 'ஆனாலும்...' என்று இழுக்காமல் அவருக்குப் பேச்சே தொடங்காது. அன்று கொள்முதல் அலுவலகக் கூட்டத்துக்கும் சண்டைக்கென்றே வரிந்துகட்டிக்கொண்டு கிளம்பினார். லாரி ஓட்டிவந்த மச்சினன், "மாமா, கொஞ்சம் வாயை அடக்கிப் பேசுங்க" என்று கெஞ்சிப் பார்த்தான்.

விஷயம் இதுதான். அரசு ஆஸ்பத்திரிச் சமையலறைகளுக்குக் காய்கறி தருபவர்கள் இனி அட்டைப்பெட்டியிலோ பிளாஸ்டிக் பையிலோ கொண்டுவரக் கூடாது. கழுவிக் கழுவிப் பயன்படுத்தும் பெட்டிகளில் கொண்டுவந்து, காலிப் பெட்டிகளை அதே லாரியில் எடுத்துப்போக வேண்டும். ஆஸ்பத்திரிகளின் பின்கட்டில் குவியும் குப்பையைப் பார்த்துவிட்டுப் புதிய கொள்முதல் அதிகாரியம்மா டெண்டரில் சேர்த்த நிபந்தனை அது.

அதிகாரியம்மா விளக்கி முடிக்கும்வரை அவருக்குப் பொறுமை இல்லை.

"ஆனாலும் மேடம், ஒரு பெட்டி உங்ககிட்ட இருக்கும், ஒண்ணு லாரியில இருக்கும், ஒண்ணு கழுவப் போயிருக்கும். ஒண்ணுக்கு மூணா நான் வாங்கணும். பெரிய கம்பெனிக்காரங்க வாங்கிடுவாங்க. எங்க மூஞ்சியில கதவைச் சாத்துறீங்க!"

'உட்காருங்க' என்பார்கள், அதற்கு என்ன சொல்வது என்பதைக்கூட அவர் வழியிலேயே யோசித்து வைத்திருந்தார். அதிகாரியம்மாவோ பேனாவைக் கீழே வைத்தார்.

"இது எனக்குத் தோணவே இல்ல. நீங்களா இருந்தா எப்படி எழுதுவீங்க?"

இத்தனை வருஷத்தில் எந்த ஆபீசிலும் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி. 'ஆனாலும்' இல்லாமலே பேச்சு தொடங்கியது.

"பெட்டி... உங்களோடதா இருக்கட்டும் மேடம். எல்லாருக்கும் ஒரே அளவு. நாங்க நிரப்பிக் கொண்டுவர்றோம், காலியை எடுத்துட்டுப் போறோம்."

"யார் கழுவுறது?" என்றார் கூட்டத்துக்கு வந்திருந்த பெரிய கம்பெனி ஒன்றின் மேலாளர்.

"ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துல மத்தியானத்துக்கு மேல நீராவி வீணாத்தான் போகுது. அங்கேயே கழுவலாம்" என்ற அதிகாரியம்மா எழுந்தார். "உங்க லாரி எங்க நிக்குது?"

அளவு டேப்பும் கையுமாக வந்த அதிகாரியம்மாவைப் பார்த்து, லைசென்ஸ் கேட்கத்தான் வருகிறார் என்று மச்சினன் பதறிப்போனான். அவரோ செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு லாரியில் ஏறி, நீளமும் அகலமும் தன் கையாலேயே அளந்தார். சின்ன லாரியிலும் இண்டு இடுக்கில்லாமல் பெட்டிகள் அடங்க வேண்டுமாம்.

கூட்டத்துக்குத் திரும்பியதும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நான் எழுதினது தப்பு. திருத்தி எல்லாருக்கும் அனுப்புறேன். கடைசித் தேதியும் தள்ளிப் போகும்."

மேலாளர் விடவில்லை. "ஒருத்தர் சத்தம் போட்டா மாத்திடுவீங்களா?"

"நியாயமா இருந்தா, முணுமுணுத்தாலே மாத்துவேன்."

டெண்டர் முடிந்தபோது பெரும்பங்கு அந்தக் கம்பெனிக்கே போனது. குழந்தைகள் ஆஸ்பத்திரி மட்டும் இவருக்குக் கிடைத்தது. முதல் நாள் தக்காளி ஒன்றுகூட நசுங்காமல் போய் இறங்கியது. கழித்துக்கட்டும் காய் இப்படிக் குறையும் என்று அவர் நினைத்ததேயில்லை.

அன்று சாப்பிடும்போது மனைவி கேட்டாள்: "முழுசாக் கிடைக்கலையேன்னு வருத்தமா?"

"அதை விடு. தப்புன்னு தெரிஞ்சதும் நாலு பேர் முன்னாடி 'தப்பு'ன்னு ஒத்துக்கிட்டாங்க பாரு, அப்படி ஒரு ஆளை நான் எந்த ஆபீஸ்லயும் பார்த்ததில்ல."

"நானும் பார்த்ததில்ல, கல்யாணம் ஆன நாள்லேருந்து இந்த வீட்டுல" என்றாள் அவள்.

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மச்சினனுக்குப் புரையேறியது.