சஹனில் நீண்ட கை

வெள்ளிக்கிழமை காலையில் ஹாஷிம் மறுபடியும் துணியைத் தப்பாக வெட்டினார். கண்டி பஜாரில் நெடுங்காலமாகத் துணிக்கடை வைத்திருப்பவர், கண்ணை மூடிக்கொண்டு வெட்டினாலும் நூல் பிசகாதவர். அன்று கத்தரிக்கோல் ஒரு பக்கமும் மனசு ஒரு பக்கமுமாகப் போய்க்கொண்டிருந்தன. சீத்தைத் துணி வாங்க வந்த பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனதும், இது சரிப்படாது என்று கடையைப் பூட்டிவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தார்.

அவருடைய ஊர் கடுகண்ணாவைக்குப் பக்கத்தில். அங்கே பள்ளிவாசலுக்குத் தலைவராக அன்று புது மத்திச்சம் தெரிவு. மத்திச்சம் என்பது வெறும் மரியாதைப் பட்டம் இல்லை. கல்யாணம், பிணக்கு, பள்ளியின் சொத்து எல்லாம் அவர் சொன்னபடிதான் நடக்கும். பள்ளிக்குப் பின்னால் ஆதரவில்லாத பெண்களுக்கென்று விட்ட சின்ன வீடுகள் சில இருந்தன. ஒன்றில் ஹாஷிமின் தங்கை பாயிஸா, புருஷன் மௌத்தாகி விதவையான பிறகு, பிள்ளைகளோடு ஒண்டியிருந்தாள். ஹாஷிமின் வீட்டிலோ ஏற்கனவே கால் நீட்ட இடம் கிடையாது. தங்கையின் தலைக்கு மேல் கூரை நிற்பதும் போவதும் வரப்போகிற மத்திச்சத்தின் கையில் இருந்தது.

போட்டியில் இரண்டு பேர். மக்கீன் ஹாஜியார் மிளகும் கொக்கோவும் ஏற்றுமதி செய்கிறவர். மோட்டார் கார் வைத்திருந்தார். அதைவிடப் பெரிய சொத்து அவருடைய வாய். போன வாரம் ஹாஷிமின் வீட்டுக்கே வந்து, பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைத்து, பின் வீடுகளில் ஓர் ஓடுகூட அசையாது என்று சொல்லிவிட்டுப் போனார். ஹாஷிம் உருகிவிட்டார். தெரிவன்று முதல் ஆளாக எழுந்து ஹாஜியார் பெயரைத் தானே சொல்வதாக வாக்கும் கொடுத்துவிட்டார்.

மற்றவர் மரக்காலை வைத்துப் பலகை விற்கும் றவூப். முகத்தில் சிரிப்பைக் கண்டவர்கள் குறைவு. போன நோன்புக் காலத்தில் ஹாஷிமின் கடைக்கு வந்து, துணி அளக்கும் கோலைக் கையிலிருந்து வாங்கி, பக்கத்துக் கடைக் கோலோடு வைத்துப் பார்த்தார். "உங்கட கோல் கட்டை" என்றார், வாடிக்கைக்காரர் எல்லாருக்கும் முன்னால். கோல் நுனி தேய்ந்து நீளம் குறைந்திருந்தது ஹாஷிமுக்குத் தெரியாதா என்றால், தெரியும். மாற்றலாம், மாற்றலாம் என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து றவூபைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போய்விடுவார்.

வாக்கும் கொடுத்தாயிற்று, பிடிக்காதவருக்கு எதிராகவும் ஆயிற்று. அப்படியிருந்தும் ரயிலில் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பாயிஸாவின் கூரையை ஒரு பேச்சை மட்டும் நம்பி ஒருவர் கையில் கொடுக்கிறோமோ என்று உள்ளே ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. ஸ்டேஷனில் ஹாஜியாரின் கார் காத்து நின்றது. ஏறி உட்கார்ந்ததும் அரிப்புக் கொஞ்சம் அடங்கியது. காரின் மெத்தை அப்படி.

ஜும்மாத் தொழுகை முடிந்து ஹாஜியார் செலவில் கந்தூரி விருந்து. அதற்குப் பிறகுதான் தெரிவு. பெரிய தட்டான சஹனில் சோறும் இறைச்சியும் குவித்து, ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவது வழக்கம். ஹாஜியார் ஹாஷிமைக் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டார். தொழுகை நடத்தும் லெப்பையும் ஹாஜியாரின் சொந்தக்காரர் இருவரும் சேர்ந்தார்கள். ஓர் ஆள் குறைந்தது. பரிமாறியவன் ஸ்டேஷனில் மூட்டை சுமக்கும் பளீலைக் கொண்டுவந்து உட்கார்த்தினான்.

ஹாஜியார் பளீலின் தோளில் கை போட்டார். "வாங்க பளீல். பள்ளியில முதலாளியும் இல்ல, கூலியும் இல்ல" என்றார், கூடம் முழுக்கக் கேட்கும்படி. பலரும் தலையாட்டினார்கள்.

இறைச்சியை அவரே பங்கு வைத்தார். லெப்பைக்கு நல்ல துண்டு, ஹாஷிமுக்கும் நல்ல துண்டு, தனக்கு ஒரு குவியல். பளீல் பக்கம் எலும்போடு ஒரு துண்டும் குழம்பும் போயின. அநாதைகளின் உரிமையைப் பற்றிப் பேசியபடியே ஹாஜியார் சாப்பிட்டார். தன் பக்கத்துச் சோறு தீர்ந்ததும், பேச்சு நிற்காமலே அவர் கை சஹனைத் தாண்டிப் பளீல் பக்கம் நீண்டது. சோற்றை அள்ளியது, கடைசியில் தின்னலாம் என்று பளீல் ஒதுக்கி வைத்திருந்த அந்த ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டது. அவர் அந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை.

பளீல் விரல்களை மடக்கிக்கொண்டான். ஹாஷிம் தன் துண்டை அவன் பக்கம் தள்ளினார். "வேணாம் முதலாளி, வயிறு நெறஞ்சிட்டு" என்றான் அவன்.

ஹாஷிம் சஹனிலிருந்து கையை எடுத்துவிட்டார். ஹாஜியார் பார்த்து எடுத்திருந்தால்கூடப் பேராசை என்று பொறுத்திருப்பார். பக்கத்தில் இருப்பவனின் பங்கே கண்ணில் படாத ஆளுக்கு, பள்ளிக்குப் பின்னால் இருப்பவளின் பங்கு எங்கே தெரியப்போகிறது?

அதே நேரம் கூடத்தின் அந்தக் கோடியில் ஒரு கரகரத்த குரல். பின் வீடுகளுக்கு இன்னும் சோறு போகவில்லையா என்று றவூப் சமையல்காரரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். விருந்தில் இப்படியும் ஒரு மனுஷனா என்று சுற்றியிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, ஒரு சஹனைத் தானே தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார்.

தட்டுகள் எடுக்கப்பட்டன. றவூப் திரும்பி வந்து கதவோரம் உட்கார்ந்தார். பெயர் சொல்லலாம் என்றார் லெப்பை. ஹாஜியார் ஹாஷிமைப் பார்த்துப் புன்னகைத்தார். ஹாஷிம் எழுந்தார். கொடுத்த வாக்கை மீறுவது அவருக்குப் பழக்கமில்லாத வேலை.

"நான் ஹாஜியார்ட பேரச் செல்ற எண்டு வாக்குக் குடுத்த. அந்த வாக்க இப்ப திருப்பி எடுக்கிற, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்க" என்றார். "என்ட கடைக் கோல் கட்டை எண்டு என்ட முகத்துக்கு நேர செல்லின ஒரே ஆள் றவூப் நானா. அவர்ட பேரத்தான் செல்ற."

கூடம் அசந்து போயிற்று. பிறகு இரண்டு பெயருக்கும் கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. கடைசியில் றவூப் பக்கம் கொஞ்சம் கூடுதல். ஹாஜியார் அப்போதும் புன்னகை மாறாமல் எல்லாருக்கும் சலாம் சொல்லித்தான் புறப்பட்டார். ஆனால் வரும்போது ஏற்றி வந்த கார், போகும்போது ஹாஷிமுக்காக நிற்கவில்லை.

றவூப் அவரிடம் வந்தார். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தால் அது ஹாஷிமின் தப்பு.

"அந்தக் கோல மாத்தினீங்களா?"

"இன்னும் இல்ல."

"நாளைக்கு வாரன், பாக்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வாசலில் நின்ற பாயிஸாவுக்கு அது காதில் விழுந்தது. அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "இவரையா, நானா, தெரிஞ்சீங்க? நாளைக்கு நம்மளையும் ஏசுவாரே" என்றாள் அண்ணனிடம்.

ஹாஷிம் சிரித்தார். காலையிலிருந்து அப்போதுதான் அவர் மனசு ஓர் இடத்தில் உட்கார்ந்திருந்தது.

"ஏசட்டும் பாயிஸா. நம்மள மெச்சுற ஆளத் தேடித்தேடித்தான் நாம ஏமாந்து போற. பேசுற வாயப் பாக்காம, பக்கத்தில ஈக்கிறவன்ட பங்குக்கு அவர்ட கை போகுதா எண்டு பாக்கணும். நம்மட கோலையும் அளந்து பாக்கிற ஆளத்தான் தலைவரா வெக்கணும்."

சொல்லிவிட்டு ஸ்டேஷன் பக்கம் வேகமாக நடந்தார். பஜார் மூடுவதற்குள் ஒரு புதுக் கோல் வாங்க வேண்டியிருந்தது.